ஒரு மீட்டர் பதினெட்டு

பெரியப்பா வீட்டு மதிலை முப்பது நாளைக்குள் இடித்து அகற்ற வேண்டும் என்ற நோட்டீஸில் கையெழுத்துப் போட்டபோது பூகோளத்துக்கு உள்ளுக்குள் தித்தித்தது. பதினாறு வருஷம் கறுவிக்கொண்டே காத்திருந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? மதிலோடு அதை ஒட்டிக் கட்டிய குளியலறையும் போகும் என்று அவளுக்குத் தெரியும். முட்டி தேய்ந்துபோன பெரியப்பா, பின்கட்டு வரை நடக்க முடியாமல் கட்டிக்கொண்ட குளியலறை அது. போகட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்படவும் இல்லை.

பூகோளம் என்பது சொந்தக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். நல்ல மார்க் வாங்கியவள், கேட்ட படிப்பு கிடைக்கும். இவள் போய் பூகோளம் படிக்கிறேன் என்று நின்றாள். "படிச்சு முடிச்சிட்டு என்னம்மா பண்ணப்போறே, பள்ளிக்கூடத்துல உலக உருண்டைய தூசி தட்டப்போறியா?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அலுவலகத்துக்கும் அந்தப் பெயர் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

அவள் ஏன் அதைப் படித்தாள் என்று அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

தாத்தா விட்டுப்போன ஒரே மனையை அண்ணன் தம்பி இருவரும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டவர்கள். வடபாதி தம்பிக்கு, அதாவது மருந்துக்கடை வைத்திருந்த அவள் அப்பாவுக்கு. தென்பாதி மின்கம்பத்தில் ஏறி இறங்குகிற லைன்மேனான பெரியப்பாவுக்கு. எல்லையின் இரண்டு முனையிலும் அரசாங்கக் கல். தெருப்பக்கத்துக் கல் சாலை போட்டபோதே தாருக்கடியில் போய்விட்டது. மிஞ்சியது கொல்லைப்பக்கத்துக் கல் ஒன்றுதான். பெரியப்பா மதில் எழுப்பினார். எழுப்பி முடித்துப் பார்த்தால், கல் மதிலுக்கு அந்தப்புறம், அவர் தோட்டத்துக்குள் கிட்டத்தட்ட நாலடி தள்ளி நிற்கிறது. "பாத்தியா, எல்லைக்கல்லையே முழுங்கிட்டான்" என்று அப்பா மாடியிலிருந்து அவளைத் தூக்கிக் காட்டியபோது அவளுக்கு வயது ஏழு. கல் தெளிவாகத் தெரிந்தது. கண்ணால் பார்த்ததை யார் மறுக்க முடியும்?

பெரியப்பா, "கல்லை நகத்தினது நீதான்" என்று கத்தினார். யாரும் நம்பவில்லை. எல்லைக்கல்லைத் தொட்டால் குற்றம் என்பதால் அவரும் அதைத் தொடவில்லை. மதிலுக்கும் அப்பாவின் வீட்டுச் சுவருக்கும் நடுவே இரண்டடிச் சந்து மிஞ்சியது.

அந்தச் சந்தில்தான் அம்மா செத்தாள் என்று சொல்ல வேண்டும். பூகோளத்துக்கு அப்போது பதினாலு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அம்மா பின்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். முன்பக்கம் முழுக்க மருந்துக்கடை, உள்நடை முழுக்க மருந்து அட்டைப்பெட்டிகள். ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைச் சந்துக்குள் விட்டுப் பார்த்தார்கள், திரும்பவில்லை. பெட்டிகளை நகர்த்தி வழி பண்ணுவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. "அந்த நாலடி இருந்திருந்தா உங்கம்மா பொழைச்சிருப்பா" என்று அப்பா அன்று சாயங்காலம் சொன்னார். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு நாலு தடவையாவது சொன்னார். அன்று துக்கம் கேட்க வந்த பெரியப்பாவின் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினது அப்பா இல்லை. அவள்தான்.

ஒரு மாதம் கழித்து அளவைக்காரர் ஒருவர் வந்தார். பழைய வரைபடத்தை விரித்து வைத்து, ஈரத்தில் காகிதம் ஒரு பக்கம் சுருங்கி ஒரு பக்கம் நீண்டுவிட்டது, இதை வைத்து நாலடி விவகாரத்தைத் தீர்மானிக்க முடியாது என்று கையை விரித்தார். தீர்மானிக்கத் தெரிந்தவளாக நான் வருகிறேன் என்று அவள் அப்போதே முடிவு கட்டினாள். மற்ற பெண்கள் கல்யாணத்தைப் பற்றியோ காரைப் பற்றியோ கனவு கண்ட வயதில், இவள் மதில் இடிவதைக் கனவு கண்டாள்.

பட்டம் வாங்கிய கையோடு யாரும் அவளை வரைபடம் போடக் கூப்பிடவில்லை. முதல் வேலை, நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் கூரை கூரையாகக் கோடு இழுக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு கூரை. மற்றவர்கள் கூரையின் விளிம்பிலேயே கோடு போட்டார்கள். உயரமான கட்டடம் படத்தில் சாய்ந்து தெரியும், கோடு அடிச்சுவரில் போக வேண்டும் என்பது பூகோளம் படித்தவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறே மாதத்தில் மற்றவர்கள் கோட்டைத் திருத்துகிறவள் ஆனாள். சாயங்கால வகுப்பில் மென்பொருள் கற்றாள், கொஞ்சம் நிரல் எழுதவும் கற்றாள். அடுத்து, வீட்டுக்கு வீடு சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் நிறுவனத்துக்காகச் சாலைகளை வரைந்தாள். முட்டுச்சந்தை வழி என்று காட்டிய வரைபடத்தால் டெலிவரிக்காரர்களிடம் வாங்கிய திட்டுக்கு அளவே இல்லை. பிறகு ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தாள். கடைசியில், நகரத்தின் பழைய நில வரைபடங்களையெல்லாம் கணினியில் ஏற்றும் திட்டத்துக்கு நில அளவை அலுவலகம் ஆள் எடுத்தபோது நிபுணராக உள்ளே நுழைந்தாள். தூசி தட்டுவாயா என்று கேட்ட சித்தப்பா தன் மகளுக்கு அங்கே வேலை கிடைக்குமா என்று வந்து கேட்டார். விண்ணப்பம் போடச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது.

தங்கள் தெரு இருக்கும் வட்டம் கண்ணாடிக்காரருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக்காரர் அவளுக்கு அடுத்த மேசை, சோடாபுட்டிக் கண்ணாடி, எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர். அவரிடம் தன்னுடைய சுலபமான வட்டத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டாள். 'இந்த வட்டத்தில் எனக்கோ என் நெருங்கிய உறவினருக்கோ நிலம் இல்லை' என்ற படிவத்தில் கூசாமல் கையெழுத்துப் போட்டாள்.

சுருங்கியும் நீண்டும் போன பழைய காகித வரைபடத்தையும் சரிசெய்து கணினியில் உட்கார வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காகிதத்திலும் இருந்து, தரையிலும் இன்றைக்கு வரை அசையாமல் இருக்கிற இடங்களை ஆதாரப் புள்ளியாக எடுக்க வேண்டும். பாலத்தின் தூண், பழைய பள்ளிக்கூடத்து வாசல், தண்ணீர்த் தொட்டியின் கால், எல்லைக்கல் என்று ஏழெட்டு இடங்கள். கருவியால் அவற்றை அளந்து சேர்த்தால், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஒத்துப்போகிறது, எவ்வளவு பிழை என்று திரையில் வரும். அதிகம் பிழை காட்டுகிற புள்ளியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இதுதான் விதி.

அவள் ஏழு புள்ளி வைத்து ஓட்டினாள். ஆறு புள்ளிகள் அடக்கமாக இருந்தன. கொல்லைப்பக்கத்துக் கல் மட்டும் சிவப்பாகக் கத்தியது.

அவள் கல்லைத் தூக்கிப் போடவில்லை. கல்லை ஏழு வயதில் கண்ணால் பார்த்தவள் அவள். பள்ளிக்கூட வாசலை இடித்துக் கட்டியிருப்பார்கள் என்று அதை எடுத்தாள். பாலத்தை அகலப்படுத்தியிருப்பார்கள் என்று அதையும் எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லி எடுத்துக்கொண்டே வந்து, கல்லையும் இன்னும் இரண்டையும் மட்டும் மிச்சம் வைத்தாள். மொத்தம் மூன்று. பிழை சுழியம் என்று திரை காட்டியது.

மூன்று புள்ளி வைத்தால் பிழை எப்போதும் சுழியம்தான். எந்த வரைபடமும் மூன்று புள்ளியில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், ஒரு புள்ளி பச்சைப் பொய்யாக இருந்தாலும் உட்காரும். நாலாவது புள்ளி வந்தால்தான் குட்டு வெளிப்படும். இதைத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லித்தருவார்கள். போன வருஷம் இதே காரியத்தைச் செய்த ஒருத்தியை, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டித் தீர்த்தவள் இதே பூகோளம். அவளுக்குத் தெரியாமல் நடந்த தவறு இல்லை இது. சுழியத்தைப் பார்த்தாள், பெரியப்பா நாலடி விழுங்கியிருக்கிறார் என்று வரைபடம் சொன்னதைப் பார்த்தாள், மற்றதெல்லாம் அவளுக்கு மறந்து போனது.

நோட்டீஸ் போனது. அப்பா அன்று அவளுக்குப் புதுக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். "உங்கம்மா ஆத்மா சாந்தியடைஞ்சிருக்கும்" என்றார்.

வட்டத்தின் கடைசி முத்திரையை இன்னொருவர் சரிபார்த்துப் போட வேண்டும். அது கண்ணாடிக்காரரிடம் போனது. அவர் திரையை ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"மூணு புள்ளில ஒரு தெருவையே உக்கார வெச்சிருக்கே. நீயா இது?"

"மத்த புள்ளி எதுவும் சரியில்ல சார்."

"சரியில்லன்னா சரியானதா நாலு கொண்டா. நோட்டீஸ் அனுப்பினது உன் பாடு. முத்திரை என் பாடு, நான் போட மாட்டேன்."

கோபத்தோடு கருவியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஒரு நாள் முழுக்கத் தெருத்தெருவாக அலைந்து நாலு புதுப் புள்ளி பிடித்தாள். பழைய சாக்கடைப் பாலத்தின் மூலை ஒன்று, அச்சகத்தின் அடித்தளக் கல் ஒன்று, அடுத்தடுத்த மனைகளின் எல்லைக்கல் இரண்டு. மறுநாள் ஓட்டினாள். அவள் தூக்கிப் போட்ட நாலோடும் இந்த நாலும் விரல் அகலம்கூடப் பிசகாமல் சேர்ந்துகொண்டன. கொல்லைக் கல் மட்டும் ஒரு மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டர் தெற்கே நின்றது. கருவியில் கோளாறு என்று வேறு கருவி வாங்கிப் போய் அளந்தாள். அதுவும் ஒரு மீட்டர் பதினெட்டுதான் என்றது. மதில் சரியான இடத்தில், கோட்டை ஒட்டித் தன் பக்கமாகவே நின்றது.

அப்போதும் அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. அந்தக் காலத்தில் எல்லைக்கல் நடுகிறவர்கள், குழிக்கு அடியில் ஒரு கூடைக் கரியைக் கொட்டி அதன்மேல்தான் கல்லை நிறுத்துவார்கள். கல்லை யாராவது பிடுங்கினாலும் கரி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கரி மக்காது. கல்லுக்கு அடியில் கரி இருந்துவிட்டால், கணக்கு என்ன சொன்னாலும் கல்தான் ஜெயிக்கும்.

அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுத் தோட்டத்துக்குள் போனாள். அந்த வாசலில் காலை வைத்து இருபது வருஷத்துக்கு மேலிருக்கும். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அவள் அனுப்பிய நோட்டீஸ் நான்காக மடித்துத் துருத்திக்கொண்டிருந்தது. கண்ணில் புரை விழுந்திருந்தாலும் ஆளை அடையாளம் தெரிந்தது அவருக்கு.

"கல்லுக்கடில பாக்கணும்" என்றாள்.

"பாரு" என்றார்.

கல்லின் ஓரமாகத் தோண்டினாள். முழங்கை ஆழம், அப்புறம் முழங்கால் ஆழம். மண், வேர், மறுபடி மண். ஒரு துண்டுக் கரி இல்லை.

எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சுற்றிக்கொண்டு அப்பா வீட்டுச் சந்துக்குள் நுழைந்தாள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டும். கருவி காட்டிய இடத்தில், மதிலின் அடியில், குந்தி உட்காரக்கூட முடியாமல் மண்டியிட்டுத் தோண்டினாள். இரண்டு சாண் ஆழத்திலேயே மண் கறுத்தது. கையை விட்டு அள்ளினாள். கை நிறையக் கரி வந்தது.

அப்பா மருந்துக்கடையின் பின்வாசலில் வந்து நின்றார். அவள் உள்ளங்கையைப் பார்த்தார்.

"என்னடி பண்றே அங்க?"

"கல்லு இங்கதான் இருந்திருக்கு."

"மழையில நகந்திருக்கும்."

"அவ்ளோ பெரிய கல்லு, மழையில தெக்க பாத்து நடந்து போச்சாப்பா?"

அவர் விலை பேசுகிற குரலில் பேசினார். "சரி, நான்தான். ஸ்டோர் ரூமை இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினேன், வழி குறுகிப் போச்சு. ரெண்டு ஆளை வெச்சுக் கல்லைக் கொஞ்சம் தள்ளினேன். அவன் பேசாம இருந்திருந்தா நாலடி வழி கெடைச்சிருக்கும். மதிலைக் கட்டித் தொலைச்சான்."

வழியை விழுங்கியது மதில் இல்லை, அட்டைப்பெட்டி அடுக்கிய இந்த அறை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்போ அம்மா?"

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதே."

"முடிச்சுப் போட்டது நீங்க. பதினாறு வருஷமா."

"இப்ப அதுக்கென்ன? நோட்டீஸ் போயாச்சு. கையெழுத்து உன்னுது. சொந்தக்காரங்க நெலம் இல்லேன்னு எழுதிக் குடுத்ததும் நீ. வெளிய வந்தா மாட்டப்போறது நீயா நானா? பேசாம குழிய மூடிட்டு உள்ள வா."

பெற்ற மகளை இப்படி மிரட்டலாம் என்று இந்த மனிதருக்கு எப்படித் தோன்றியது என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் பிசகு இல்லை. இத்தனை வருஷம் பெரியப்பா மேல் வளர்த்து வைத்திருந்த கோபம் எங்கும் போய்விடவில்லை. ஒரு பிடிகூடக் குறையாமல் அப்படியே பக்கத்து வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு இடம் மாறியது. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். குழியை மூடாமல் வெளியே வந்தாள்.

பெரியப்பா அதே நாற்காலியில் இருந்தார். பெரியம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பூகோளம் கரி ஒட்டிய கையோடு எதிரே போய் நின்றாள்.

"கரி எங்க பக்கம் இருக்கு பெரியப்பா. நோட்டீஸை நானே திரும்ப வாங்கிக்கறேன்."

"வாங்கிக்கறியா?" அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்? நீ மேப்பை சத்தமில்லாம திருத்திட்டு, நல்ல பொண்ணாட்டம் வீட்டுக்குப் போயிடுவே. இது என்கிட்ட இருக்கணும். உன் மேல மனு குடுக்கப்போறேன்."

"குடுங்க."

"கண்ணு தெரியல. யாராவது எழுதித் தரணும்."

"நானே எழுதறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். விளையாடுகிறாளா என்று தெரியாமல் பார்த்த பார்வை. அவள் பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து, குளியலறைப் படியில் உட்கார்ந்தாள்.

"எழுது. என் தம்பி பொண்ணு பொய்யா மேப்பு போட்டு என் மதிலை இடிக்கப் பாத்தா."

"அப்படி எழுதினா நிக்காது பெரியப்பா. மூணே ஆதாரப் புள்ளி வெச்சு, அதுல நகத்தப்பட்ட கல்லையும் ஒண்ணா சேத்து, பிழைய மறைச்சான்னு எழுதணும். ஒதுக்கின புள்ளியோட நம்பரெல்லாம் போடறேன். உறவை மறைச்சுக் கையெழுத்துப் போட்டதையும் எழுதிடறேன்."

"ம். உன் பேரை மட்டும் போடு. உங்கப்பனை நான் என்னைக்கோ கை கழுவிட்டேன். கதவைச் சாத்தினது நீதான். அன்னிக்கு உங்கம்மா மொகத்தைக்கூட என்னைப் பாக்க விடல நீ."

"என் பேரு இருக்கட்டும். ஆனா அப்பா பேரும் வேணும். கல்லை நகத்தினது குற்றம், கரியோட சாட்சி இருக்கு. அவரை விட்டுட்டு நான் மட்டும் மாட்டினா, அது அவருக்குத்தான் லாபம்."

பெரியப்பா முதல் தடவையாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "எங்க ரத்தம்தான் நீ" என்றார்.

இரண்டு பக்கம் எழுதினாள். தனக்கு எதிராக இத்தனை துல்லியமாக வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது. வேலை போகும், இனி எந்த அலுவலகமும் அவளை நம்பி ஒரு கோடு இழுக்கச் சொல்லாது. அது தெரிந்தேதான் எழுதினாள். அப்பா கூண்டில் நிற்பதை நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது. படித்துக் காட்டினாள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவர், போடாமல் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு. அது உனக்குத் தெரியாது."

"என்ன?"

"உங்கம்மா விழுந்த அன்னிக்கு ஸ்ட்ரெச்சர் திரும்பாம நிக்கறதை நான் இங்கேர்ந்து பாத்தேன். கடப்பாறைய எடுத்தேன். மதிலை ஒரு ஆள் அகலத்துக்கு ஒடைச்சேன். பத்து நிமிஷம்கூட ஆகல. இந்தப் பக்கமா கொண்டு வாங்கடா, என் வாசல் நேரா ரோட்டுக்குப் போகுதுன்னு கத்தினேன். ஆம்புலன்ஸ்காரங்க ஓட்டைகிட்ட வந்துட்டாங்க. உங்கப்பன் குறுக்க நின்னுட்டான். என் பொண்டாட்டி செத்தாலும் அவன் வாசல் வழியா போக மாட்டாள்னான். பெட்டிய நகத்தச் சொன்னான். நீ பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றதுக்குள்ள அந்த ஓட்டைய அட்டைப்பெட்டிய அடுக்கி மறைச்சுட்டான், மறுவாரம் நானே செங்கல் வெச்சு அடைச்சேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பெரியம்மா ஈரக் கையோடு நிலைப்படிக்கு வந்து நின்றாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

பூகோளம், "அப்போ மணி என்ன?" என்று கேட்டாள்.

"பதினொண்ணே கால். எனக்கு நல்லா ஞாபகமிருக்கு."

அம்மாவை வெளியே கொண்டுவந்தது பன்னிரண்டு மணிக்கு என்று ஆம்புலன்ஸ் சீட்டில் இருந்தது. அந்தச் சீட்டை அவள் எத்தனை தடவை படித்திருக்கிறாள்.

"இதெல்லாம் நெல மனுவுல எழுதலாமா?" என்று பெரியப்பா கேட்டார். "இதுக்குன்னு கட்டம் இருக்காதே."

இருக்காதுதான். அவள் எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். புதுக் காகிதம் எடுத்து, இந்தத் தடவை போலீசுக்கு, கல்லும் மேப்பும் பின்னால் வரட்டும் என்று, பதினொன்றே கால் மணியிலிருந்து தொடங்கி எழுதினாள்.